நர்சிங் சேரப் போகிறீர்களா? முதலில் வார்டைப் பார்த்துவிட்டு வாருங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு முன்பே நம் பக்கம் நர்சிங் விளம்பரங்கள் வந்துவிடும். டவுன் பஸ் முதுகில், பஸ் ஸ்டாண்டுச் சுவரில், மாரியம்மன் நோம்பிக்கு (திருவிழாவுக்கு) வைத்த ஃப்ளெக்ஸுக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஃப்ளெக்ஸாக, "100 சதவீத வேலைவாய்ப்பு" என்று. அப்புறம் தெரிந்தவர் யாராவது ஒருத்தர் வீட்டுக்கு வந்து ஆசாரத்தில் உட்கார்ந்து, "ஏனுங்க, புள்ளைய நர்சிங்ல போட்டுருங்க, சீட்டுக்கு நானாச்சு" என்பார். அவருக்கு அதில் கமிஷன் உண்டு. அது அவர் பிழைப்பு, விடுங்கள். ஆனால் நான்கு வருஷம் படிக்கப் போவது நீங்கள்தான், அதனால் கல்லூரியை அவர் வாயிலிருந்து தேர்ந்தெடுக்காதீர்கள்.

நான் கோவையில் ஸ்டாஃப் நர்ஸ். புதிதாகச் சேரும் பிள்ளைகளைப் பழக்குவதும் என் டூட்டியில் ஒரு பகுதி. படிக்கும்போது நோயாளியைத் தொட்டு வேலை செய்த பிள்ளையா, ரெக்கார்ட் நோட்டில் மட்டும் எல்லாம் செய்த பிள்ளையா என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். மதிப்பெண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. எந்தக் கல்லூரி, எப்படிப் படிப்பது, எங்கே வேலைக்குச் சேர்வது என்று எதைக் கேட்டாலும் எனக்கு அந்த ஒரே அளவுகோல்தான்: நோயாளி பக்கத்தில் எவ்வளவு நேரம் நிற்கக் கிடைக்கும்?

எதில் சேர்வது, எங்கே சேர்வது

ஏ.என்.எம். (துணைச் செவிலியர் படிப்பு) 2 வருஷம், ஜி.என்.எம். (செவிலியர் டிப்ளமோ) 3 வருஷம், பட்டப் படிப்பான பி.எஸ்சி. நர்சிங் 4 வருஷம். பி.எஸ்சி.க்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். முடிந்தால் பி.எஸ்சி.யே படியுங்கள். மத்திய அரசு ஆஸ்பத்திரிகளில் நர்ஸ் வேலைக்கு எய்ம்ஸ் நடத்தும் நார்செட் தேர்வை பி.எஸ்சி. முடித்தவர்கள் அனுபவம் இல்லாமலே எழுதலாம், ஜி.என்.எம். என்றால் 50 படுக்கைக்குக் குறையாத ஆஸ்பத்திரியில் 2 வருஷ அனுபவம் கேட்பார்கள். அதற்காக ஜி.என்.எம். மட்டம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேலை நறுக்கென்று தெரிந்த சீனியர்களில் பாதிப்பேர் ஜி.என்.எம். அக்காக்கள்தான், பிற்பாடு 2 வருஷம் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துப் பட்டமும் வாங்கிக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங்குக்கு பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் கவுன்சிலிங். அரசு ஒதுக்கீட்டு இடம் தனியார் கல்லூரிகளிலும் உண்டு என்பது நம் ஊரில் பலருக்குத் தெரிவதில்லை, தெரிந்தவர்களும் சொல்வதில்லை. கையில் சீட்டு இருக்கிறது என்று யார் சொன்னாலும் சரி, மருத்துவக் கல்வித் தேர்வுக் குழுவுக்கு ஆன்லைனில் ஒரு விண்ணப்பம் போட்டுவிட்டு மற்றதைப் பேசுங்கள். கல்லூரிக்கு தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் அனுமதியும், எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பும் இந்த வருஷத்துக்கு இருக்கிறதா என்று அவர்கள் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கல்லூரி அச்சடித்துத் தரும் வண்ணப் புத்தகத்தில் பார்க்க வேண்டாம்.

அதற்கப்புறம்தான் முக்கியமான வேலை. ஒரு வேலை நாளில், காலை பத்து பதினொரு மணிக்கு, அந்தக் கல்லூரியின் சொந்த ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கல்லூரிக்கு இல்லை, ஆஸ்பத்திரிக்கு. ஓ.பி.யில் கூட்டம் இருக்கிறதா, வார்டில் கட்டில்கள் நிறைந்திருக்கின்றனவா? மாணவர் ஒருவருக்கு மூன்று நோயாளி என்ற கணக்கு விதியிலேயே இருக்கிறது. சில இடத்தில் விதிப்படி 100 கட்டில் போட்டிருப்பார்கள், ஆனால் மெத்தைக்கு மேல் சுற்றிய பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருக்கும். அப்படி இருந்தால் வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுங்கள். வாசலில் பஸ்ஸுக்கு நிற்கும் இரண்டாம் வருஷப் பிள்ளைகளிடம் போஸ்டிங், அதாவது வார்டுப் பயிற்சி, எப்படி என்று மெதுவாகக் கேளுங்கள், "போஸ்டிங் எங்க போடறாங்க? டெலிவரி பாத்திருக்கீங்களா? இன்ஜெக்‌ஷன் நீங்களே போடறீங்களா, இல்ல ஓரமா நிக்கறீங்களா?" கோவை ஜி.எச்., பெருந்துறை, சேலம் மோகன் குமாரமங்கலம் மாதிரி பெரிய அரசு ஆஸ்பத்திரியில் போஸ்டிங் கிடைக்கும் கல்லூரி என்றால் கட்டடம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. கரூரில் 2019-லும், திருப்பூர், நாமக்கல்லில் 2022-லும் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, அதனால் நம் பக்கம் இப்போது அந்த வாய்ப்பு முன்பைவிட அதிகம்.

ஃபீஸ் விஷயத்தில் வாய்ப்பேச்சு வேண்டாம். ஹாஸ்டல், மெஸ், யூனிஃபார்ம், போஸ்டிங் பஸ், பரீட்சைக் கட்டணம் எல்லாம் சேர்த்து நான்கு வருஷத்துக்கும் எழுதி வாங்குங்கள். ஒரிஜினல் சான்றிதழை சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தரச் சொல்லிக் கேளுங்கள், தர மறுக்கும் இடம் பிற்பாடு அதை வைத்தே உங்களை ஆட்டிவைக்கும். அரசுப் பள்ளியில் 6 முதல் பிளஸ் டூ வரை படித்த பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். பையன்களுக்கும் தமிழ்ப்புதல்வன் என்று 2024-ல் நம் கோவையில்தான் தொடங்கிவைத்தார்கள். பையன்கள் நர்சிங் படிக்கலாமா என்று இன்னமும் கேட்கிறார்கள். எலும்பு வார்டில் ஆறடி ஆளைத் தூக்கித் திருப்பிப் போட ஒரு பையன் டூட்டியில் இருக்கிற நாள் எங்களுக்கெல்லாம் நோம்பிதான்.

முதல் வருஷம்

தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்தால் அனாடமி புத்தகம் முதல் இரண்டு மாதம் மிரட்டும். உட்கார்ந்து மனப்பாடம் பண்ணாதீர்கள். எலும்பின் பெயரைச் சொல்லிக்கொண்டே உங்கள் கையில், காலில் தொட்டுப் பாருங்கள், ரூம் மேட்டை நிற்கவைத்து அவளிடம் காட்டுங்கள். இங்கிலீஷ் பயமும் அப்படித்தான். தினமும் பார்த்த ஒரு நோயாளியைப் பற்றி நான்கு வரி, தப்போ சரியோ, இங்கிலீஷில் எழுதுங்கள். நர்ஸ் ரிப்போர்ட்டுக்கு அதற்கு மேல் இலக்கியம் தேவையில்லை.

அனாடமியும் பிசியாலஜியும் பாஸ் ஆவதற்காக மட்டும் படித்துத் தாண்டிவிட்டால் மூன்றாம் வருஷம் வரை துரத்தும். சைக்காலஜி, சோசியாலஜியைப் பரீட்சைக்கு முன்னால் பார்த்துக்கொள்ளலாம் (மேடம்கள் மன்னிக்க). நோயாளியைக் கவனிக்கும் அடிப்படையைச் சொல்லித்தரும் நர்சிங் ஃபவுண்டேஷனை மட்டும் ஒரு நாளும் விடாதீர்கள்.

அதில் பிள்ளைகள் லேசாக நினைக்கும் இரண்டு விஷயத்தைச் சொல்கிறேன். ஒன்று, மூச்சு எண்ணுவது. எந்த வார்டிலும் போய் சார்ட்டை எடுத்துப் பாருங்கள், எல்லா நோயாளிக்கும் மூச்சு 20 என்று எழுதியிருக்கும். எண்ணாமல் எழுதியது. நோயாளி மோசமாகப் போவதற்கு முன் பெரும்பாலும் முதலில் மாறுவது மூச்சுதான், பி.பி. இறங்குவதெல்லாம் பின்னால். பல்ஸ் பார்த்து முடித்த பிறகும் கையை எடுக்காதீர்கள், நீங்கள் எண்ணுவது தெரிந்தால் அவர் மூச்சை மாற்றிவிடுவார். மணிக்கட்டைப் பிடித்தபடியே நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்து ஒரு முழு நிமிஷம் எண்ணுங்கள். 28 வந்தால் 28 என்று எழுதி, உடனே சீனியரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று, ஸ்பாஞ்ச் பாத். படித்துவிட்டு உடம்பு துடைக்கிற வேலையா என்று முகம் சுளிப்பார்கள். நோயாளியின் முதுகை முழுசாகப் பார்க்கக் கிடைக்கும் ஒரே நேரம் அது. இடுப்பு எலும்புக்குக் கீழே, குதிகாலில், காதுக்குப் பின்னால் சிவந்திருந்தால் விரலால் லேசாக அழுத்தி எடுங்கள். வெளுத்துவிட்டு மறுபடி சிவந்தால் ரத்த ஓட்டம் இருக்கிறது. அழுத்தியும் சிவப்பு அப்படியே நின்றால் படுக்கைப்புண் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கே இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட ஆரம்பித்தால் தோல் தப்பித்துவிடும், இரண்டு நாள் விட்டால் புண், அப்புறம் மாதக்கணக்கில் டிரெஸ்ஸிங்.

போஸ்டிங் ஆரம்பிப்பதற்கு முன் ஹெபடைட்டிஸ் பி ஊசி போட்டுக்கொள்ளுங்கள். முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. கல்லூரி போடும் என்று காத்திருக்க வேண்டாம். ரெக்கார்டை அன்றன்றைக்கு எழுதிவிடுங்கள், பார்த்த பிரசவங்களை எழுதும் மிட்வைஃபரி கேஸ் புக்கை முக்கியமாக. கடைசி வருஷம் பிரசவ எண்ணிக்கைக்கு அலைகிற பிள்ளைகளைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

நம் ஊர் வார்டு

ஜி.எச். போஸ்டிங்கில் நீங்கள் பார்க்கப் போகும் ஆட்கள்: பவானி பக்கம் பாம்பு கடித்து வந்தவர், பொள்ளாச்சியில் தென்னை மரத்திலிருந்து விழுந்தவர், பல்லடத்தில் தறியில் விரல் போனவர், சேலம்-கொச்சி ரோட்டில் பைக்கில் அடிபட்ட பையன். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலைக்கு வந்த பீகார், ஒடிசா பிள்ளைகளும் உண்டு, அவர்களுக்குத் தமிழ் தெரியாது. "தர்த் கஹாங் ஹை, கப் ஸே ஹை" என்று வலி எங்கே, எப்போதிருந்து என்று கேட்கப் பத்து வாக்கியம் பழகிக்கொள்ளுங்கள், அவர்கள் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள்.

மருந்து குடித்துவிட்டு வருபவர்கள் நம் பக்கம் அதிகம். பூச்சி மருந்து, இல்லையென்றால் வாசல் தெளிக்கிற சாணிப்பவுடர். வார்டில் அவர்களை ஆளாளுக்குத் திட்டுவார்கள், சொந்தக்காரர் முதல் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் வரை. நீங்கள் திட்டாதீர்கள், ஏன் குடித்தாய் என்று எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். பூச்சி மருந்து கேஸ் என்றால் கையுறை போட்டுக்கொண்டு துணியை முழுக்க மாற்றி, உடம்பையும் தலைமுடியையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும். விஷமுறிவு மருந்தான அட்ரோபின் ஓடும்போது எச்சில், நெஞ்சுச் சத்தம், பல்ஸ் மூன்றையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தெளிந்த பிறகு தனியாக விடாதீர்கள், மனநல டாக்டர் பார்க்காமல் டிஸ்சார்ஜ் போகிறது என்றால் வாயைத் திறந்து கேளுங்கள். 104-க்குப் போன் பண்ணினால் பேச ஆள் இருக்கிறார்கள் என்பதை அவர்களிடமும் வீட்டாரிடமும் சொல்லி அனுப்புங்கள்.

அப்புறம் ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர் கூட்டம். ஒரு அப்பாரு படுத்திருந்தால் ஊரே வேன் வைத்து வந்து கட்டிலைச் சுற்றி நிற்கும். கத்தினால் சண்டைதான் வரும். கூட்டத்தில் மூத்தவர் யாரென்று பார்த்து அவரிடம் மட்டும், "அய்யா, டிரெஸ்ஸிங் பண்ணோணுங்க, சித்த எல்லாரையும் வெளிய கூட்டிட்டுப் போறீங்களா, முடிச்சுட்டு நானே கூப்புடறனுங்க" என்று சொன்னால் அவரே எல்லோரையும் ஓட்டிக்கொண்டு போய்விடுவார். சொன்ன மாதிரி திரும்பக் கூப்பிடவும் வேண்டும், மறந்துவிட்டால் அடுத்த முறை நடக்காது.

வேலைக்குச் சேரும்போது

ரிசல்ட் வந்ததும் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு பண்ணிவிடுங்கள். அந்தப் பதிவு எண் இல்லாமல் நீங்கள் நர்ஸ் இல்லை, "அப்புறம் பண்ணிக்கலாம், இப்ப சேருங்க" என்று சொல்லும் இடத்தில் சேர வேண்டாம்.

சம்பளம். தனியாரில் புதியவர்களுக்கு இது வருத்தமான கதைதான். உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் 2016-ல் மத்திய அரசு போட்ட குழு, 50 படுக்கைக்குக் குறைவான ஆஸ்பத்திரியில்கூட நர்சுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்ஸ் சம்பளத்துக்குச் சமமாகத் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. இன்டர்வியூவில் அதைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். சிரிக்கட்டும், கேட்டு வையுங்கள். ஆனால் முதல் வேலையில் இரண்டாயிரம் ரூபாய் வித்தியாசத்துக்காகச் சின்ன இடத்தில் சேராதீர்கள். நைட்டில் ஒரு நர்சுக்கு எத்தனை நோயாளி, புதியவரை எத்தனை வாரம் சீனியருடன் விடுவார்கள், பாண்டு (இத்தனை வருஷம் வேலையை விடக் கூடாது என்ற ஒப்பந்தம்) உண்டா, இந்த மூன்றையும் கேளுங்கள். சேர்ந்த மூன்றாம் நாளே தனியாக நைட் பார்க்கச் சொல்லும் இடம் உங்களைப் பலிகொடுக்கும். என்னைக் கேட்டால் முதல் வருஷம் ஐ.சி.யூ.வைவிட ஜெனரல் வார்டு நல்லது. மெஷின் சொல்வதற்கு முன் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அது அங்கேதான் பழகும்.

முதல் ஆறு மாதம்

டூட்டிக்குக் கால் மணி நேரம் முன்னால் போங்கள். ஓவர் எடுப்பதை (முந்தின ஷிஃப்டிடமிருந்து நோயாளிகளைப் பொறுப்பேற்பதை) டேபிளில் உட்கார்ந்து எடுக்காதீர்கள், கட்டில் கட்டிலாக நடந்து எடுங்கள். வென்ஃப்ளான் (நரம்பில் செருகும் சின்னக் குழாய்) போட்ட இடம் வீங்கியிருக்கிறதா, யூரின் பேக்கில் எவ்வளவு இருக்கிறது, டிரிப்ஸ் எந்த வேகத்தில் ஓடுகிறது என்று உங்கள் கண்ணால் பார்த்த பிறகுதான் கையெழுத்து. முந்தின ஷிஃப்ட் அக்கா பஸ்ஸுக்கு அவசரப்படுவார், முகத்தைக் காட்டுவார். காட்டிவிட்டுப் போகட்டும். அவர் போன பிறகு அது உங்கள் நோயாளி.

டிரிப்ஸ் கணக்கை போன் இல்லாமல் போடத் தெரிய வேண்டும். மில்லியை டிரிப்ஸ் செட்டின் சொட்டு எண்ணால் (ஒரு மில்லிக்கு எத்தனை சொட்டு என்பதால்) பெருக்கி, மொத்த நிமிஷத்தால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். 500 மில்லி, 6 மணி நேரம், 20 சொட்டு செட் என்றால் 10,000-ஐ 360-ஆல் வகுத்து நிமிஷத்துக்கு 28 சொட்டு. கால் நிமிஷத்துக்கு 7. வாட்சைப் பார்த்து எண்ணி செட் பண்ணுங்கள், நோயாளி கையை மடக்கினால் வேகம் மாறும் என்பதால் அரை மணி நேரம் கழித்து வந்து மறுபடி பாருங்கள்.

இன்சுலினில் இருக்கும் பொறி பலருக்குத் தெரியாது. குப்பியில் 40 என்று (ஒரு மில்லியில் 40 யூனிட்) போட்டிருந்தால் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100 என்று போட்டிருந்தால் ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். 100 மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தீர்கள் என்றால் உள்ளே போவது 25 யூனிட். அந்த ஆள் விடியற்காலையில் சர்க்கரை இறங்கி வேர்த்துக் கிடப்பார். பொட்டாசியம் குளோரைடை ஒருபோதும் நேராக நரம்பில் தள்ளக் கூடாது, டிரிப்ஸில் கலந்துதான் போக வேண்டும். யார் சொன்னாலும், எவ்வளவு அவசரம் என்றாலும். டாக்டர் போனில் மருந்து சொன்னால் பெயரையும் அளவையும் திருப்பிச் சொல்லி, ஆமாம் என்று வாங்கிவிட்டு எழுதுங்கள். நீங்கள் கொடுக்காத மருந்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள், கேட்பது இன்சார்ஜாகவே இருந்தாலும்.

நடுராத்திரி டாக்டரைக் கூப்பிடப் பயப்படுவதுதான் புதியவர்களின் பெரிய வியாதி. கூப்பிட்டும், "சார், பேஷன்ட் ஒரு மாதிரி இருக்காரு" என்றால் அவர் தூக்கத்தில் "பாத்துக்கங்க" என்று வைத்துவிடுவார். சார்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். "சார், சர்ஜிக்கல் வார்டு. பெட் 12, வயித்து ஆபரேஷன் முடிஞ்சு முதல் நாள். சாயந்தரம் பி.பி. 130/80 இருந்துச்சு, இப்ப 90/60, பல்ஸ் 124, மூச்சு 28. கை சில்லுன்னு இருக்கு. டிரெயின் டியூப்ல ஒரு மணி நேரத்துல 200 மில்லி ரத்தம். நீங்க இப்ப வந்து பாக்கணும் சார்." இதற்கு யாரும் தூங்க மாட்டார்கள். போன் பண்ணின நேரத்தையும் அவர் சொன்னதையும் எழுதிவையுங்கள். வரவில்லை என்றால் அடுத்த சீனியரைக் கூப்பிடுங்கள், திட்டு விழுந்தால் காலையில் வாங்கிக்கொள்ளலாம்.

ஊசி குத்திவிட்டால் பிதுக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பது நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பிரயோஜனம் இல்லை. ஊசிக்கு மறுபடி மூடி போடும்போதுதான் பலருக்குக் குத்துகிறது, நேராக வெள்ளை டப்பாவில் போட்டுவிடுங்கள். மற்ற கழிவில் டியூப்பும் சிரிஞ்சும் சிவப்பில், ரத்தத் துணி மஞ்சளில், கண்ணாடி நீலத்தில் போட வேண்டும்.

சீனியர் அக்காக்கள் சிலர் கடுகடுவென்று இருப்பார்கள். கூட்டமான நேரத்தில் "அக்கா, இது எப்படி?" என்று கேட்டால் எரிந்துவிழுவார்கள். அதே ஆளிடம் மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது, "அக்கா, காலைல அந்த பெட் 4-க்கு ஏன் மருந்தை நிறுத்துனீங்க?" என்று கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் வகுப்பே எடுப்பார்கள். உங்களிடம் ஒரு சின்னப் பாக்கெட் நோட்டு இருந்தால் இன்னும் பிடிக்கும்.

நைட் டூட்டிக்கு வெறும் டீயோடு போகாதீர்கள். காலையில் டூட்டி முடிந்து ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டு போகாமல் பஸ்ஸில் போங்கள், தூக்கக் கலக்கத்தில் அவினாசி ரோடு வேண்டாம். வீட்டில் "நைட் டூட்டி பாக்கற புள்ளைய யார் கட்டுவா" என்ற பேச்சு வரும். அந்தப் பேச்சு பேசும் பெரியம்மாவே முட்டி ஆபரேஷனுக்கு அட்மிட் ஆனால் உங்களைத்தான் கூப்பிடுவார், அதுவரை காது கேட்காத மாதிரி இருந்துவிடுங்கள்.

ரெண்டு வருஷத்துக்கு அப்புறம்

தமிழ்நாடு அரசு வேலைக்கு எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு. ஆரம்பத்தில் தொகுப்பூதியம்தான் தருவார்கள், நிரந்தரம் ஆகக் காத்திருக்க வேண்டிவரும், தெரிந்தே எழுதுங்கள். மத்திய அரசில் நார்செட், இ.எஸ்.ஐ., ரயில்வே. வெளிநாடு என்றால் அமெரிக்காவுக்கு என்கிளெக்ஸ் என்ற நர்ஸ் லைசென்ஸ் தேர்வு, இங்கிலாந்துக்கு ஓ.இ.டி. அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். என்ற இங்கிலீஷ் தேர்வு, ஜெர்மனிக்கு பி2 வரை ஜெர்மன் மொழி, வளைகுடா நாடுகளுக்கு அந்தந்த நாட்டு லைசென்ஸ் தேர்வு. ஏஜென்டிடம் பணம் கட்டுவதற்கு முன் மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் அவர் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள், தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது, அங்கேயும் பெயரைப் பதிந்து வையுங்கள்.

எங்கே போவதாக இருந்தாலும் வேலையை விடும்போது அனுபவச் சான்றிதழைக் கையில் வாங்காமல் வெளியே வராதீர்கள். சேர்ந்த தேதி, விட்ட தேதி, எந்த வார்டு, ஆஸ்பத்திரியில் எத்தனை படுக்கை, இந்த நான்கும் லெட்டர்ஹெட்டில், முத்திரையோடு இருக்க வேண்டும். "நல்லவர், உழைப்பாளி" என்று மட்டும் எழுதிய தாளை எந்த நாடும் ஏற்றுக்கொள்ளாது. ரிசைன் லெட்டர் கொடுக்கிற அன்றைக்கே எச்.ஆர்.ரிடம் இதையும் எழுத்தில் கேட்டு, கேட்டதற்கு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.